மேற்பார்வை

"இன்னைக்குத்தான் வந்துச்சுடி" என்று அண்ணி கடிதத்தை நீட்டினாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு நான்கு வருடமாக பைண்டிங் கடையில் வேலை பார்ப்பவள். அச்சுப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்து, பதிலுக்காக ஒரு மாதமாகக் காத்துக்கிடந்தாள். அந்த விண்ணப்பத்தை அவளும் அண்ணியும் அடுப்படித் தரையில் உட்கார்ந்துதான் நிரப்பினார்கள். அண்ணனிடம் மூச்சுவிடவில்லை.

உறையைத் திருப்பியவள் அப்படியே நின்றாள். ஒட்டிய இடத்தில் நீலம் பாய்ந்த கோடு. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசைதான் அப்படிக் காயும். அவள் கடைப் பசை. பிள்ளையின் நோட்டுக்கு அட்டை போட வேண்டுமென்று அண்ணி கேட்டதால் ஒரு டப்பா நிறைய அவளே கொண்டுவந்து கொடுத்தது.

இந்த ஊர்த் தபால் முத்திரையில் பத்து நாளைக்கு முந்தைய தேதி. உள்ளே, இடம் கிடைத்திருப்பதாகவும் போன திங்கட்கிழமைக்குள் வந்து சேரவேண்டும் என்றும் இருந்தது. இன்று வியாழன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"இதை நீங்க பிரிச்சீங்களாண்ணா?"

"பிரிச்சேன். அதுக்கு இப்ப என்ன?"

"என் பேருக்கு வந்தது."

"பேருக்குக் கீழ படி. மே/பா போட்டு என் பேரு இருக்கா? மேற்பார்வைன்னா என்னடி அர்த்தம், மேல இருந்து பார்க்குறது. பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் திரும்ப ஒட்டுனீங்க?"

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

"அவரு கிழிக்கப் போனாரு. நான்தான் பிடுங்கி ஒட்டி வச்சேன்" என்றாள் அண்ணி.

"அன்னைக்கே குடுத்திருக்கலாமே அண்ணி."

அண்ணி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "நீயும் போயிட்டா இந்த வீட்டுல நான் யாருகூடப் பேசுவேன், சொல்லு."

அண்ணன் கிழித்தெறிந்திருந்தால்கூட அவளுக்கு இப்படி வலித்திருக்காது. இந்தப் பத்து நாளும் 'வந்துரும், வந்துரும்' என்று தலைவாரிவிட்ட கை அது.

மறுநாள் அவள் தபால் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மே/பான்னா அவர் மூலமா உன்கிட்ட சேர்க்கணும், அவ்வளவுதான்மா. பிரிக்கிறதுக்கு யாரும் அனுமதி குடுக்கல. பிரிச்சு மறைச்சு வச்சா குற்றம்."

"எனக்கு யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப வேணாம் சார். தபால் லேட்டுன்னு ஒரு கடிதம் குடுங்க, போதும். பயிற்சிப் பள்ளியில காட்டுவேன்."

"எங்க ஆளு நேரத்துக்குக் கொண்டாந்து குடுத்திருக்கானே. லேட்டுன்னு எழுதினா அவன் தலைதான் உருளும்." அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். "புகார் எழுதிக் குடு. பதிவு பண்ணி நகல் தர்றேன். அதைக் காட்டினா உன் இடத்தைப் பத்தி யோசிப்பாங்க. ஆனா யார் பிரிச்சது, யார் மறைச்சதுன்னு பேரோட இருக்கணும்."

அண்ணன் பெயரை அவள் தயங்காமல் எழுதினாள்.

"ஒருத்தர்தானா?"

பேனா காகிதத்திலேயே நின்றது. 'ஆமாம்' என்று சொன்னால், விசாரிக்க வருகிறவர்களிடம் அண்ணன் உண்மையைச் சொல்லிக் கத்துவான். புகார் பொய்யாகிவிடும், இடமும் போய்விடும். அது மட்டும்தான் காரணமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டு பேரு சார்."

இத்தனை வருடத்தில் அண்ணியைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. அந்தப் பெயரை முதல் தடவையாக, இனிஷியலோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.