சந்தனம் வெடித்த இடம்

டிராக்டருக்குச் சந்தனம் பூசுகிற கையும் திட்டுகிற வாயும் கமலவேணிக்குச் சேர்ந்தே வேலை செய்தன. யாரைத் திட்டினாள் என்றால், அதற்கும் ஒரு வரிசை இருந்தது. முதலில் டிராக்டர், அப்புறம் அதன் முதலாளி ராஜரத்தினம், நடுநடுவே சொந்தப் புருஷன்.

“எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்ட ஒனக்கு சந்தனம் ஒரு கேடா?” என்று சொல்லிக்கொண்டே இடது முன்சக்கரத்துக்கு மேலே துருத்திய இரும்பில் ஒரு அப்பு அப்பினாள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காஜா பெராங் ஊர் வாசல்களில் கட்டிய கொடிகள் இன்னும் வெளுக்கவில்லை, அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. முதலாளி கொட்டகையில் வருசா வருசம் டிராக்டரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சேறும் கிரீசும் போகக் கழுவி, பொட்டு வைப்பது அவள்தான். டிரைவர் பெண்டாட்டிக்கு அது ஒரு உரிமை. நாளைக் காலையில் சாவி புது டிரைவர் கருணாகரன் கைக்குப் போகிறது. அதோடு அந்த உரிமையும் போச்சு.

காரணம் ஊருக்கே தெரியும். பாச்சாங் வயலில் உழுதுவிட்டு வந்த டிராக்டர், வளைவில் திரும்பாமல் நேரே லோங்காங் சாக்கடையில் இறங்கி, தம்பிராஜா செட்டியின் வேலியையும் சாய்த்துவிட்டது. ஓட்டி வந்தவர் அவள் புருஷன் சேதுபதி. “ஸ்டேரிங்கு லூசா இருக்கு மொதலாளி, நா ஒடிச்சேன், சக்கரம் கேக்கல” என்றார். முதலாளி மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினான், ஸ்டேரிங்கைச் சுற்றினான், சக்கரம் சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது. ஸ்டேரிங் பெட்டியை மட்டும் கொஞ்சம் முடுக்கிவிட்டு, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று போய்விட்டான். வண்டியில் கோளாறு இல்லையென்றால் அப்புறம் யாரிடம்? “பழைய கள்ளு திரும்பவும் இழுத்திருச்சி” என்றார் முதலாளி.

சேதுபதி ஒரு காலத்தில் குடித்தவர்தான், அதை மறைக்க முடியாது. சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து அவரை இரண்டு பேர் தூக்கி வந்ததும் உண்டு. மகள் பிறந்த பிறகு மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார், விட்டார். முதலாளி சொன்னதைக் கேட்டு அவர் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வேலி போன தம்பிராஜாதான் அவருக்காகப் பேசிய ஒரே ஆள். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் செட்டி வம்சம், சாமி பேரைத் தவிர அவருக்குத் தமிழ் வராது. “டியா தாக் மாபோக்” என்று முதலாளியிடம் மலாயில் அடித்துச் சொன்னார், இவன் குடித்திருக்கவில்லை என்று. பாவம், நல்ல மனுஷன், அப்படித்தான் சொல்வார் என்று கமலவேணி நினைத்தாள். அப்படி நினைத்துவிட்டோமே என்று அவளுக்கே நெஞ்சு சுட்டது. ஊரெல்லாம் போய் “எம் புருசன் ஒரு சொட்டுத் தொடல” என்று கத்தினாளே தவிர, அன்று இருட்டின பிறகு கொடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து முகர்ந்தும் பார்த்தாள். டீசல், சேறு, வியர்வை. மறுபடியும் முகர்ந்தாள். அப்புறம்தான் தண்ணீரில் போட்டாள்.

பூசை ஆரம்பித்தது. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் பலகையில் பொட்டோடு ஓய்வில் இருந்தன. நாளைக் காலை வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. கற்பூரம் காட்டியாயிற்று. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் கமலவேணி குனிந்தாள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினார். கருணாகரன் பக்கத்தில் நின்றதால் அவருக்கு வீறாப்பு கூடிவிட்டது.

“எங்கய்யா லூசு? கல்லு மாதிரி இருக்கு!” என்று ஸ்டேரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்தார்.

கமலவேணியின் மூக்குக்கு நேரே, அவள் அப்பிக் காய்ந்திருந்த சந்தனம் குறுக்கே வெடித்தது. ஒரு துண்டு உதிர்ந்து பழத்தின் மேல் விழுந்தது. அந்தப் பக்கச் சக்கரத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே அதே இடத்தில் பூசிய சந்தனம் பூசினபடியே இருந்தது.

“மொதலாளி, எறங்காதீங்க. இன்னொருவாட்டி திருப்புங்க.”

“ஏம்மா, பூச நேரத்துல?”

“திருப்புங்கன்னா திருப்புங்களேன்!”

திருப்பினார். வெடிப்பு வாயைத் திறந்து மூடியது. “என்னாங்க, இங்க வாங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் ரம்புத்தான் மரத்தடியில் ஒதுங்கி நின்ற சேதுபதி ஓடியே வந்துவிட்டார். உட்கார்ந்து பார்த்தார். வெடிப்பின் மேல் விரலை வைத்தார். அவர் முகம் மாறியதைக் கமலவேணி பார்த்தாள்.

“மொதலாளி, இது ஆடுற எடமே இல்ல. சக்கரத்தத் திருப்புற குத்துத்தண்டு இது. மேல இருக்கற இரும்புக் கை இதக் கடிச்சிப் புடிச்சிருக்கணும், ரெண்டும் ஒண்ணாத் திரும்பணும். உள்ள ரெண்டையும் பூட்டுற ஆப்பு தேஞ்சிருச்சி. கை மட்டும் சுத்துது, தண்டு அப்படியே நிக்கிது.”

“மெக்கானிக்கு சுத்துனப்ப திரும்புச்சேய்யா.”

“ஜாக்கியில தூக்கிட்டா சக்கரத்துல பாரம் ஏது? ஊதுனாக்கூட திரும்பும். தரையில நின்னாத்தான் வழுக்கும். அதுக்கு மேல கிரீசும் சேறும் மூடிக்கெடந்துச்சி.”

முதலாளி இறங்கினார். குனிந்து பார்த்தார். கருணாகரனும் பார்த்தான், “ஆமாலா, ஆடுது” என்றான். வேட்டி மடிப்பை அவிழ்த்து விட்டுக்கொண்டே முதலாளி, “நீயே ஏறித் திருப்பு சேது, நா நல்லாப் பாக்குறேன்” என்றார். மன்னிப்பு அவருக்கு அவ்வளவுதான் வரும்.

“நா ஏறல. இவ ஏறட்டும்” என்றார் சேதுபதி.

கமலவேணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தாள். பூசை பார்க்க வந்து கொட்டகை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பிராஜா கைதட்டினார். கீழே சேதுபதி ஒரு கையை மேலிருந்த இரும்பிலும் ஒரு கையைத் தண்டிலும் வைத்துக்கொண்டு, “இடது... வலது... பாத்தீங்களா மொதலாளி?” என்றார். முதலாளி தலையை ஆட்டினார். பலகையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், அதன் பொட்டைப் பார்த்தார். “நாளைக்குக் காலைல வந்துரு. நீயே பிரிச்சி மாட்டு” என்றுவிட்டுப் பொரிகடலை எடுக்க உள்ளே போனார். கருணாகரனும் பின்னால் போனான்.

சேதுபதி தண்டையே தடவிக்கொண்டிருந்தார். கமலவேணிக்கோ கொட்டகையே அதிரச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. “கேட்டீங்களா? நா அன்னிக்கே சொன்னேன்ல, நீங்க தொடலன்னு! யாரு நம்புனா?”

“நீயுந்தான் சட்டைய மோந்து பாத்த.”

கோபமில்லாமல்தான் சொன்னார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் ஸ்டேரிங்கை இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள்.

“போதும் வேணி, எறங்கு” என்றார்.

அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள். கீழே இடது சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. மிச்சச் சந்தனம் பொடிப்பொடியாக அவர் கையில் உதிர்ந்தது, அவர் கையை எடுக்கவில்லை.