சூட்டுப் பாக்கி

பாட்டி இறந்தபோது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஈடு ரொட்டியின் சூடு பாக்கி இருந்தது. அடுப்புக்குப் பின்சுவரில் ஈட்டுக்கு ஒரு கரிக்கோடு இருந்ததால் கணக்கில் சந்தேகம் வரவில்லை. கோட்டை யாரும் போட்டதில்லை, தட்டு வெளியே வந்ததும் அதுவாக விழும். முப்பத்தோரு வருஷம் பாட்டி வெறுங்கையால்தான் தட்டை எடுத்தார். ஒரு கொப்புளம் கிடையாது. கையை உள்ளே விடுமுன் அடுப்பைப் பார்த்து, "அப்புறம் வாங்கிக்கோ" என்பார். உப்பு எவ்வளவு, மாவு புளிக்க எவ்வளவு நேரம் என்பதோடு அந்த வார்த்தையையும் வீட்டில் எல்லோரும் கற்றிருந்தார்கள். ஏதோ வாழ்த்து என்று நினைத்தார்கள். மளிகைக்கடையில் கடன் சொல்வதும் அதே வார்த்தைதான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சொத்தைப் பிரித்தபோது பேரன் வீட்டை எடுத்துக்கொண்டார். தங்கையிடம், "பாட்டி கைப்பக்குவம் உனக்குத்தானே வந்திருக்கு, அடுப்பயும் அது இருக்கிற கொட்டகையயும் நீயே வச்சுக்கோ. நான் பங்கு கேக்க மாட்டேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். தங்கைக்கு அப்போது நாலு வயதில் ஒரு மகள். மறுநாள் மாலை நாலு மணிக்குத் தங்கை துணி மடித்துக்கொண்டிருக்கையில் இரண்டு உள்ளங்கையும் வெந்தன. தோல் சிவக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து எரிச்சல் விட்டது. சுவரில் ஒரு கோடு குறைந்திருந்தது.

பாக்கியில் பாதியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் போனாள்.

"ஆபீஸ்ல டைப் அடிக்கிற வேலைம்மா. எனக்குக் கை வேணும்."

"நான் மட்டும் என்னண்ணே, கால்லயா மாவு பிசையறேன்?"

அண்ணி டீ கொடுத்தபோது மணி நாலு அடித்தது. டம்ளரைப் பிடிக்க முடியாமல் அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

நாளுக்கு ஒரு கோடு என்றால் இருபத்தாறு வருஷம். நடுவில் அவள் கண்ணை மூடினால் மிச்சம் மகள் தலையில் விழும். அதனால் காலை ஆறு மணிக்கும் அடுப்பின் முன் கையை நீட்டி, "இப்பவே இன்னொண்ணு வாங்கிக்கோ" என்றாள். அடுப்பு வாங்கிக்கொண்டது. தட்டு எடுக்கத் துணி வைத்துக்கொண்டாள். ரொட்டியில் துணி வாசம் அடிக்கிறது என்று வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். கட்டினவர் வேலை தேடிப் போன ஊரிலேயே தங்கிவிட்டார். ஏழாவது வருஷம் விரல் நுனி மரத்தது, ஒன்பதாவது வருஷம் உள்ளங்கை. சூடு நேரம் தவறாமல்தான் வந்தது, சுவரைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். வலி போனதில் சந்தோஷமும் இல்லை. மாவு பதமா என்று கைக்குத் தெரியாததால் மகள் அழுத்திப் பார்த்துச் சொன்னாள். அப்படித்தான் மகளும் தொழிலுக்குள் வந்தாள்.

பதினாறு வயதில் ஒருநாள் துணி அகப்படாத அவசரத்தில் மகள், "அப்புறம் வாங்கிக்கோ" என்று சொல்லி ஒரு தட்டை எடுத்துவிட்டாள். சுவரில் புதிதாக ஒரு கோடு கன்னங்கரேலென்று விழுந்தது. அம்மா அடிக்கவில்லை. இன்னொரு தடவை எண்ணினாள், அவ்வளவுதான்.

பழைய கோடுகள் தீரப் பதின்மூன்று வருஷம் பிடித்தது. புதியது மட்டும் நின்றது. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் இருவரும் அடுப்பின் முன் நின்றார்கள்.

"தள்ளு. மரத்த கை, எனக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்கே வரட்டும்."

"தெரியாமக் குடுத்தா அது அடைச்சதாகுமாம்மா? இது நான் சொல்லி வாங்கினது."

அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு மகள் கையை நீட்டினாள். அடுத்த தெருவரைக்கும் கேட்கும்படி கத்தினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக் குழாயடியில் வைத்தாள்.

"தண்ணி சில்லுன்னு இருக்கா?"

"இருக்கும்மா. உனக்கு?"

"ஓடுற சத்தம் கேக்குது."

சுவரில் ஒன்றும் இல்லை. வெள்ளையடிக்கக்கூடத் தேவைப்படவில்லை. நாலு இருபதுக்கு அடுத்த ஈடு உள்ளே போனது, வெளியே எடுக்கும்போது இருவர் கையிலும் துணி இருந்தது.