மூன்றாவது சோதனை

மூன்று மாதம் படுக்கையில் கிடந்துவிட்டுப் பெரியவள் முதன்முதலாக மேசைக்கு வந்து உட்கார்ந்த காலையில், கணினி அவளை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. கடவுச்சொல் சரி. கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணும் சரி. மூன்றாவதாகத் திரை கொடுத்த இரண்டு வரிகளைத் தட்டச்சு செய்ததும் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நின்றது: ‘தட்டச்சு நடை பொருந்தவில்லை.’ மறுபடி அடித்தாள். மறுபடியும். பிறகு பூட்டிக்கொண்டது.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் அறிக்கைகளை வீட்டிலிருந்தே காதில் கேட்டு எழுத்தாக்கும் வேலை. பதினோரு வருடமாக அவளுடையது. முதுகெலும்பில் அறுவை என்றானதும், வேலையை விட மனமில்லாமல், தங்கையைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். புருஷனை விட்டு ஒற்றைப் பெட்டியோடு வந்து நான்கு வருடமாக அங்கே ஒண்டிக்கொண்டிருந்த சின்னவள் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. “சும்மா உக்காந்து தின்னதுக்கு இப்பவாவது கைய அசை” என்றாள் பெரியவள், படுத்தவாக்கில். ஒவ்வொரு தப்புக்கும் கட்டிலிலிருந்து ஒரு சொல் வரும். பார்க்க வந்தவர்கள் முன்னாலும் வரும். சின்னவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கு நடுவில்தான் நிறுவனம் புதுச் சோதனையைக் கொண்டுவந்தது. ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குப் போக விரல் எவ்வளவு தயங்குகிறது, எதை எவ்வளவு நேரம் அழுத்துகிறது என்று பதினைந்து நாள் கவனித்து, இயந்திரம் ஆளைப் படித்துக்கொள்ளுமாம். மாத்திரை மயக்கத்தில் பெரியவள் அதைப் பாதிதான் காதில் வாங்கினாள். இயந்திரம் படித்துக்கொண்டது சின்னவளை.

மதியம் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி வீடியோவில் வந்தார். கேமராவைக் கீழே திருப்பி தன் கண்ணெதிரிலேயே அடிக்கச் சொன்னார். பொருந்தவில்லை. கேமராவை நிமிர்த்தச் சொல்லி, கோப்பில் இருந்த பதினோரு வருடப் பழைய புகைப்படத்தையும், கன்னம் ஒட்டிப்போன இந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நோயாளிங்க விவரம்மா இது. ஆள் மாத்தி வேலை பாத்திருந்தா வேலை போறதோட நிக்காது, போலீஸ் வரைக்கும் போகும். நீங்க யாரு?”

பெரியவள் பதில் தேடுவதற்குள் சின்னவள் பக்கத்திலிருந்து குனிந்து கேமராவுக்குள் முகத்தை நீட்டினாள். புகைப்படத்தில் இருந்தது அச்சு அசலாக அந்த முகம்தான்.

“சார், நான்தான் அது. இவங்க எங்க அக்கா. ஆபரேஷன் ஆனதுலேருந்து கொஞ்சம் நிதானம் தப்பிடுச்சு. நான் குளிக்கப் போன நேரத்துல உக்காந்து தட்டியிருக்காங்க. பாஸ்வேர்ட எழுதி ஒட்டி, போனையும் பக்கத்துலயே வச்சது என் தப்பு.”

அவர் பிறந்த தேதி கேட்டார். அக்காவின் தேதியைச் சொன்னாள். அம்மா பெயர் கேட்டார். அதில் தடுமாற ஒன்றுமில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா. பிறகு உட்கார்ந்து இரண்டு வரி அடித்தாள். பச்சை விழுந்தது.

“ஏம்மா, இவங்க சொல்றது சரிதானா?”

தன்னைத்தான் கேட்கிறார் என்பது பெரியவளுக்கு உறைக்கவே ஒரு நொடி ஆனது. இல்லை என்றால் மூன்று மாதம் வேறொருத்தி உட்கார்ந்தது வெளியே வரும். ஆமென்று தலையை ஆட்டினாள்.

“இனிமே அவங்கள அந்த ரூமுக்குள்ள விடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

“எந்திரிச்சு உண்மையச் சொல்லுடி” என்றாள் பெரியவள்.

“யார்கிட்டக்கா? சொன்னா ரெண்டு பேரும் போலீசுக்குப் போகணும்.” சின்னவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “கதவச் சாத்திட்டுப் போ. சத்தம் வந்தா மைக்ல கம்பெனிக்காரங்களுக்குக் கேக்கும்.”

பெரியவள் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே விசைகள் மழை மாதிரி பொழிந்துகொண்டிருந்தன. சட்டென்று நின்றன. கதவு ஒரு சாண் திறந்தது.

“அக்கா, இந்த டாக்டர் ஊசி மருந்தோட அளவ ஃபிஃப்டீன்ங்கறாரா, ஃபிஃப்டிங்கறாரா? எனக்குப் பிடிபடல.”

நீட்டிய ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள். தெளிவாகவே கேட்டது; எந்த எண்ணைச் சொன்னாலும் சின்னவள் அதைத்தான் அடிப்பாள். கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். சின்னவள் ஒரு விரலை விசைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.