பித்தளையில் ஒரு அக்கா

தங்கை அனுப்பிய செய்தியில் அவளுடைய சிலைக் கண்காட்சியின் முகவரியும், கீழே இரண்டே சொல்லும் இருந்தன: "வந்தா வா." இது அழைப்பா, அறிவிப்பா, இல்லை வராதே என்பதை நாசூக்காகச் சொல்வதா? மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள் அக்கா. கடைசியில் ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் எக்ஸ்ரே எடுப்பவள். வலது எது, இடது எது என்று குறிக்காமல் ஒரு படத்தையும் வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் இருபத்தேழு பித்தளைத் துண்டுகளுக்கு நடுவே விட்டால் என்ன ஆகும்? எல்லாம் உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை மேடை, ஒரு விளக்கு, ஒரு பெயர்ச்சீட்டு. 'மூன்றரை மணி' என்ற சிலை அவள் கண்ணுக்கு விலகிய தோள்பட்டை. 'பக்கத்து வீடு' என்பதில் வீட்டைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். சிலைகளைச் செய்த மகராசி வாசல் பக்கம் யாரோடோ பேசியபடி தூரத்திலிருந்தே தலையசைத்தாள். அந்தத் தலையசைப்புக்கும் அர்த்தம் பிடிபடவில்லை.

பத்தொன்பதாவது சீட்டைப் படித்ததும் கால் நின்றுவிட்டது. 'அக்கா' என்று போட்டிருந்தது.

பெரிய துண்டு ஒன்று வளைந்து, சின்னத் துண்டு ஒன்றின் மேல் கவிந்திருந்தது. அவ்வளவுதான். முகம் இல்லை, கை இல்லை. இடப்பக்கமிருந்து பார்த்தால் மழைக்குக் குனிந்து மறைப்பதுபோல இருந்தது. வலப்பக்கம் வந்தால் சின்னதுக்கு மூச்சு விட இடமில்லை.

வேடிக்கை பார்க்க வந்தவளாக இருந்தால் அடுத்ததற்கு நகர்ந்திருப்பாள். இவளால் முடியவில்லை. அப்பா அம்மா போனபின் தங்கையை ஆளாக்கியவள் இவள்தான். ஆறு வருஷத்துக்கு முன் தங்கை ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தாள். அவன் போனில் தன் அம்மாவிடம் எரிந்து விழுவதை ஒரு நாள் அக்கா கேட்டுவிட்டாள். மறுநாளே தங்கைக்குத் தெரியாமல் அவனிடம் போய், அவளுக்கு இதில் இஷ்டமில்லை, சொல்லத் தயங்குகிறாள் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். அவன் ரோஷக்காரன், மறுபேச்சில்லாமல் விலகிவிட்டான். விஷயம் தெரிந்ததும் தங்கை சண்டை போடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வீடு போனாள். அதற்கப்புறம் போனில் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு சரி. மன்னித்தாளா இல்லையா என்ற ஒரே கேள்விதான் அக்காவை அரித்துக்கொண்டிருந்தது. பதில் இதோ கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, படிக்கத்தான் தெரியவில்லை.

ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கோழி அடைகாக்கிறது என்றார் கணவர். அடைகாக்கிற கோழி இப்படியா நசுக்கும் என்று மனைவி கேட்டாள். அக்காவுக்கு இரண்டு பேரையும் பிடிக்கவில்லை.

அவர்கள் நகர்ந்ததும் தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். சாப்பிட்டாயா என்று வழக்கம்போல விசாரித்தாள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுல நான் உன்னைக் காப்பாத்துறேனா, அமுக்குறேனா?"

தங்கை சிலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்து பார்த்தாள்.

"எனக்கும் தெரியலக்கா. ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவோடதான் ஆரம்பிச்சேன். நாலு தடவை உருக்கி ஊத்தினேன். நாலு தடவையும் இப்படித்தான் வந்துச்சு."

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கட்டிக்கொண்டால் அழுதுவிடலாம் என்று இரண்டுக்கும் தயாராக வந்திருந்தாள் அக்கா. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"அவன்கிட்ட நான் பொய் சொன்னேன்டி. உன்னை ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னோடது."

தங்கை "ம்" என்றாள். சரி என்கிறாளா, இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்கிறாளா, அக்காவுக்குப் புரியவில்லை. இந்தச் சிலையை நானே வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள்.

"வேணாம், என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் தங்கை. "நான் இன்னும் முடிவு பண்ணல."

அக்கா தலையாட்டினாள்.

"அவசரமில்ல. மெதுவா பண்ணு," என்றாள்.