எஸ்ஸா, ஐந்தா?

புயலில் சாய்ந்த மரம் அவளுடைய காரின் முன்பக்கத்தைச் சப்பையாக்கிவிட்டது. விசேஷங்களுக்குக் கேக் செய்து கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். மூன்றடுக்குக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வாடகை வண்டியில் போனால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் உயிர் வரும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர், ஒர்க்‌ஷாப்பில் கிடந்த காரின் கண்ணாடி மூலையைக் கட்டைவிரலால் துடைத்து, அங்கே பொறித்திருந்த சேஸிஸ் நம்பரை, அதாவது வண்டியின் அடிச்சட்ட எண்ணைப் பாலிசியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். நடுவில் நின்றுவிட்டார். காரில் இருந்தது 'எஸ்' என்ற எழுத்து. பாலிசியில் இருந்தது ஐந்து. இன்சூரன்ஸ் இருப்பது இந்த வண்டிக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாலிசியை ஆன்லைனில் எடுத்துக் கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன். கார்க் கண்ணாடியின் அழுக்கைத் துடைக்காமல் அவசரத்தில் நம்பரைப் படித்துத் தட்டியிருக்கிறான். அவள் திட்டவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள். அவள் சமையலறையில் இருந்தால் அவன் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், எடுத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது சேஸிஸ் நம்பரைத்தான். சரியானதைச் சொன்னால் அப்படி ஒரு பாலிசியே இல்லை என்றார்கள். தவறானதைச் சொன்னால் அது உங்கள் வண்டி இல்லை என்றார்கள்.

கடைசியில் நேரிலேயே போனாள். மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். சேதமான பிறகு நம்பரைத் திருத்த விதியில் இடமில்லை. விட்டால் ஒரே பாலிசியை வைத்துக்கொண்டு ஊரில் உடைந்த வண்டிக்கெல்லாம் க்ளெய்ம் கேட்பார்கள் என்றார்.

"சரிங்க. அந்த அஞ்சு போட்ட நம்பர்ல இருக்கிற கார் யாரோடது? பார்த்துச் சொல்லுங்க."

அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். "அப்படி ஒரு காரே இல்லம்மா."

"அப்போ இல்லாத காருக்கா வருஷா வருஷம் பாலிசி புதுப்பிச்சீங்க? அன்னிக்கு ஏன் யாரும் சரிபார்க்கல?"

அழுதுவிடக்கூடாதென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர், மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார்.

மேலிடம் அனுப்பிய வேறொரு சர்வேயர் வந்து, சேஸிஸ் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை அச்செடுத்துப் போனார். பல வாரங்கள் கழித்து க்ளெய்ம் பாஸானது. கொழுந்தன் சமையலறை வாசலில் தயங்கி நின்று சொன்னான்.

"அண்ணி, பாஸாயிடுச்சு."

அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. இத்தனை வாரத்தில் வேறு கடைக்குப் போய்விட்ட வாடிக்கையாளர்களுக்கு எங்கே போய் க்ளெய்ம் போடுவது?

"ஒர்க்‌ஷாப்புக்கு நீ போ," என்றாள், கையில் ஒட்டிய மாவைக் கழுவியபடி. "வண்டி கைக்கு வர்ற வரைக்கும் அங்கேர்ந்து நகராத."