காலியாக இருக்க வேண்டிய தூண்

கடற்படைக் கப்பலாக இருந்த காலத்தில் லியெண்டோ எத்தனை பேரை மிரட்டினாளோ எனக்குத் தெரியாது. நான் அறிந்த லியெண்டோ, சிலியின் தென்கோடியில் பியூர்ட்டோ வில்லியம்ஸ் துறையில் சேற்றில் உட்கார்ந்து, இடப்பக்கம் சாய்ந்தபடி படகுச் சங்கமாக இருப்பவள். மிதக்காத கப்பல் மூழ்காது. அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். அவளுடைய மதுக்கூடத்தை நடத்துகிற நோல்ஃபா நான். மேசைகளின் இடப்பக்கக் கால்களுக்கெல்லாம் ஆப்பு வைத்திருக்கிறேன்.

கேப் ஹார்னுக்குப் போகிற பாய்மரப் படகுகள் அவள் விலாவில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், முகப்பில் இருக்கும் இரும்புத் தூணில் மட்டும் கூடாது. எஞ்சின் நின்று காற்றில் அடித்துவரப்படும் நண்டுப் படகிலிருந்து வீசும் கயிறு அங்கேதான் எட்டும். தாண்டிவிட்டால் பாறை.

ஒரு நாள் குல்வென் என்ற பிரெஞ்சுக்காரர் அதில் கட்டிவிட்டார்.

"அந்தத் தூணுல கட்டக் கூடாதுங்க. அவுத்துடுங்க."

"சும்மாதானே நிக்குது, நோல்ஃபா? நாளைக்கு அவுத்துடறேன்" என்று ஒரு பெரிய பாலாடைக்கட்டியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மேற்கே இருந்து காற்று இறங்கியது. துறைமுகத்தை மூடிவிட்டார்கள். என் கணவர் எரிகோ இரண்டு ஆட்களோடு நண்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ரேடியோவில் அவர் குரல் கேட்டது.

"எஞ்சின் செத்துப்போச்சு, நோல்ஃபா. காத்து உன் பக்கந்தான் தள்ளுது. தூணு காலியா இருக்கில்ல?"

"காலியாத்தான் இருக்கும். வாங்க."

முகப்புக்கு ஓடினேன். குல்வெனின் கயிறு விறைத்து, முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பின்னாலேயே ஓடிவந்த குல்வென், அலைக்கு நடுவே தெரிந்த படகைப் பார்த்தார்.

"யாரு வர்றது?"

"என் புருஷன்."

மனிதர் கத்தியை எடுத்துத் தன் கயிற்றைத் தானே அறுத்தார். அவருடைய படகு திரும்பிப் பக்கத்துப் படகில் மோதி, பலகை பிளந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எரிகோ வீசிய கயிறு கையில் விழுந்தது. தூணில் மூன்று சுற்றுச் சுற்றி இருவரும் சாய்ந்து பிடித்தோம். படகின் முழுப் பாரமும் ஏறியபோது காலுக்குக் கீழே லியெண்டோ முனகினாள். சேறு விட்டுக்கொடுத்தது. ஒரு சாண் நகர்ந்தவள், அங்கேயே ஊன்றி நின்றாள். படகும் நின்றது. பாறைக்கும் அதற்கும் ஒரு துடுப்பு நீளம்தான் இடைவெளி.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் எரிகோ, மேலே ஏறி வந்து.

"நீங்க கேட்டப்போ தூணு காலியா இருக்கலைங்க. நான்தான் கட்ட விட்டேன்."

அறுந்து கிடந்த கயிற்றை அவர் காலால் ஒதுக்கினார். "கயிறு விழுந்தப்பக் காலிதானே. சூப்பு இருக்கா?"

மதுக்கூடத்தில் கோப்பைகள் வலப்பக்கம் ஓடிக் கிடந்தன. லியெண்டோ நிமிர்ந்திருந்தாள். ஆப்புகளை உருவிக்கொண்டிருந்தபோது, கடற்படை அலுவலகத்துக் கார்ப்பரல் ஃபிகெரோவா படிவத்தோடு வந்து நின்றார். அந்த ஆள் சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றும் சிரிக்கவில்லை.

"துறைமுகம் மூடியிருக்கிறப்ப இந்தக் கப்பல் நகர்ந்திருக்கு. அனுமதிச் சீட்டு எங்க?"

"நகர்ந்தப்புறம் எழுதினா ஆகாதா?" என்றார் எரிகோ.

கார்ப்பரல் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "புறப்பட்ட இடம்?"

"வில்லியம்ஸ்."

"சேர்ந்த இடம்?"

"அதுவும் வில்லியம்ஸ்தான்."

"தூரம்?"

"ஒரு சாண்" என்றார் குல்வென்.

அதையும் எழுதிக்கொண்டு கார்ப்பரல் என்னைப் பார்த்தார். "பத்திரமா வந்து சேர்ந்தவங்க எத்தனை பேரு?"

அடுப்போரம் எரிகோவும் இரண்டு ஆட்களும் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த கணக்கை மறுபடியும் ஒவ்வொருவராக எண்ணினேன்.

"மூணு பேரு" என்றேன்.