இறக்கம் பார்த்து நிறுத்து

பயணத்தின் இரண்டாம் நாள் காலையிலேயே வேன் சாவிக்குப் பணிய மறுத்துவிட்டது. அவள் திருகினாள், டிக் என்றது, அவ்வளவுதான். அவளைவிட இரண்டு வயது மூத்த வண்டி. உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, மஞ்சள் திரைச்சீலை. தச்சுவேலை செய்யும் அவள் கணவன் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தீனியாகப் போட்டு உயிர் கொடுத்திருந்தான். ஓட்டுவது மட்டும் அவள். நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஸ்டியரிங்கை இன்னொருவர் கையில் பார்த்தால் வலது கால் சும்மா இருக்காது.

இனிமேல் இறக்கம் பார்த்து நிறுத்தி, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ள இரண்டு ஆள் இருந்தார்கள்: கணவனும் அவள் தம்பியும். இருவரும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தம்பி கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணின் அப்பா, பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று கணவனிடம் கேட்டிருந்தார். பொய் சொல்ல வராத மனுஷன், குறட்டை விடுவான், இரண்டு அறை தள்ளிக் கேட்கும் என்று சொல்லிவைத்தான். ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு முறிந்தது. காரணம் குறட்டைதானா என்பது யாருக்கும் தெரியாது. தம்பி தெரிந்ததாகவே வைத்துக்கொண்டான். இந்தப் பயணத்துக்கு அவன் வந்ததுகூட, மாமா வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று அவள் மகள் ஒற்றைக்காலில் நின்றதால்தான்.

தள்ளும்போதும் பேச்செல்லாம் அவள் வழியாகவே போனது.

“அக்கா, அந்தப் பக்கம் இன்னும் அழுத்தித் தள்ளச் சொல்லு.”

“தள்ளிட்டுதான் இருக்கேன்னு சொல்லு,” என்றான், அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற கணவன்.

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மலையின் உச்சிப் பூங்காவுக்கு வந்தார்கள். கீழே ஏரி துவைத்துக் காயப்போட்ட துணிபோலப் பளிச்சென்று கிடந்தது. பார்த்து முடித்ததும் வழக்கம்போலத் தள்ளினார்கள். எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. இருவரும் ஓடிவந்து பக்கக் கதவில் தொற்றிக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் பார்த்தாள். இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி, ஆளுக்கொரு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரேக்கை நோக்கிப் போன கால் பாதியில் நின்று திரும்பிவிட்டது.

“அம்மா, அவங்க ஏறல.”

“தெரியும்.”

நாலைந்து வளைவு தாண்டி, சாலை அகலமான இடத்தில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினாள். அதன் பிறகுதான் எதிரே கரடிப் படம் போட்ட பலகை கண்ணில் பட்டது. கரடியைவிட வேறொன்றுக்குத்தான் பயந்தாள். தனித்தனியாக, ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தால்? அதற்கு மேல் செய்ய அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. மகள் பின்கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்திருந்தாள். மேலேயிருந்து இறங்கிய மூடுபனி முதல் வளைவை விழுங்கி, அடுத்ததையும் விழுங்கியது.

முதலில் குரல்தான் வந்தது.

“வேணும்னேதான் விட்டுட்டுப் போயிருக்கா அத்தான். சின்ன வயசுலேயும் இப்படித்தான்.”

“பதினாலு வருஷமா குடும்பம் நடத்துறேன் மாப்ளே. எனக்கா சொல்ற?”

அவளைத் திட்டிக்கொண்டே பனிக்குள்ளிருந்து இருவரும் வெளிப்பட்டார்கள். இவ்வளவு இனிப்பான வசவை அவள் கேட்டதில்லை. அதற்குள் எஞ்சின் திணறத் தொடங்கியது. நின்றால் மறுபடி தள்ள வேண்டும். கைப்பிரேக்கை விடுவித்து வண்டியை மெல்ல உருளவிட்டாள். மகள் பக்கக் கதவை முழுக்கத் திறந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கண்ணாடியில் இருவரும் ஓடிவந்தார்கள். கணவனின் ஒற்றைச் செருப்பு கழன்று பின்னால் விழுந்தது. தம்பி நின்று, திரும்பி ஓடி, அதை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே வண்டியைத் துரத்தினான்.